சிவப்பு நாடா கட்டிய மாப்பிள்ளை

இந்த அத்தியாயத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. எங்கள் சுன்தக் ஜில்லாவில் வெறும் வாயால் சத்தியம் செய்தால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கோயில் வாசலில் ஒரு சேவலை நிறுத்தி, "நான் சொல்வதில் பொய் இருந்தால் எனக்கும் இதே கதி" என்று சொல்லி அதன் தலையை வெட்ட வேண்டும். நானும் கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டுதான் போனேன். வெட்டச் சேவல் கிடைக்கவில்லை. ஆகையால் வெட்டியதாகவே வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

போன வார அத்தியாயத்தின்போது ஊரில் இல்லாதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மோக் வீட்டுப் பெண் லான்யிங் பட்டாலையில் கொதிநீரில் பட்டுப்புழுக் கூடு போட்டு இழை எடுக்கிறவள். தொட்டிலில் கிடந்தபோதே குவான் வீட்டுப் பையனுக்கு நிச்சயம் ஆனவள். பையன் தென்கடல் தீவில் ரப்பர் தோட்டத்துக்குப் போனான், திரும்பவில்லை. மாப்பிள்ளை வரவில்லை என்றால் கல்யாணம் நின்றுவிடுமா? கழுத்தில் சிவப்பு நாடா கட்டிய சேவலை அவன் இடத்தில் நிறுத்திச் சடங்கை முடித்துவிடுவது எங்கள் வழக்கம். சேவல் குனிந்தால் அவன் குனிந்த மாதிரி. அதன் பிறகு பெண் மாமியார் வீட்டில் ஆயுசு முழுக்கத் தண்ணீர் சுமக்கலாம்.

லான்யிங்கின் மனசோ படகுக்காரன் ஷிங்கிடம் இருந்தது. இது அவளுக்கும் ஷிங்குக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

இன்னொன்றும் போன வார அத்தியாயத்தில் நடந்தது. மோக் வீட்டுப் பெட்டைக் கோழி ஒன்று கூவ ஆரம்பித்தது. கொண்டை பெரிதாகி, காலில் முள்ளும் முளைத்துவிட்டது. பெட்டை கூவிய வீடு விளங்காது. "அறுத்துக் குழம்பு வைடி" என்றாள் தாய்க்காரி. லான்யிங் வைத்தாள். தாய்க்காரி கிண்ணத்தை வழித்துக் குடித்தாள். அதோடு அந்தக் கோழியை நீங்கள் மறந்திருப்பீர்கள். நானும் மறந்துதான் போனேன்.

கல்யாணத்தன்று காலையிலிருந்தே மழை.

மோக் அம்மாளுக்குச் சந்தேகம் வராத பொருள் எங்கள் ஊரில் கிடையாது. சந்தையில் மீன் துள்ளினால், துள்ளுவதற்கு என்ன கொடுத்தாய் என்று மீன்காரனைக் கேட்பாள். அன்றைக்கு அவள் சந்தேகம் முழுவதும் மகள் மேல் இருந்தது. காரணம், மகள் நன்றாகச் சாப்பிட்டாள்.

"ஏண்டி, கல்யாணத்தன்னிக்குப் பொண்ணு அழணும். ஊரெல்லாம் கேக்கற மாதிரி அழுது பாட்டுப் பாடணும். நீ கஞ்சிக்கு ஊறுகா கேக்குறே."

"அழுதுக்கிட்டே குடிச்சா கஞ்சி கரிக்கும்மா."

"என்னமோ பண்ணப் போறே நீ."

"என்ன பண்ணுவேன்? எனக்குப் புருஷனா வர்றது ஒரு சேவல். அது ராத்திரி குடிச்சிட்டு வராது, அடிக்காது. விடிஞ்சா எழுப்பி விடும். நானே தேடியிருந்தாலும் இப்படி ஒருத்தர் கிடைப்பாரா?"

மோக் அம்மாளின் பார்வை மகளின் முகத்திலிருந்து காலுக்கு இறங்கியது. பிறகு, "செருப்பைக் கழட்டு" என்றாள்.

"எதுக்கு?"

"வெயில்ல காய வைக்கணும்."

"மழை பெய்யுதும்மா."

"கழட்டுடி."

பூவேலை செய்த சிவப்புக் கல்யாணச் செருப்பு அது. மோக் அம்மாள் அதைத் துணியில் சுற்றித் தன் சட்டைக்குள், நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். வெறுங்காலோடு எந்தப் பெண் ஓடுவாள்?

அந்த நேரத்தில் அத்தைக்காரி வந்தாள். லான்யிங்கின் அப்பாவோடு பிறந்தவள், பட்டாலையில் மேஸ்திரி. எங்கள் பக்கத்தில் கல்யாணத்தன்று பெரியவள் ஒருத்தி பெண்ணின் பின்னலை அவிழ்த்துக் கொண்டை போட்டுவிடுவாள். சிலர் அதற்குக் காத்திருப்பதில்லை. குவான்யின் தேவி முன்னால் உட்கார்ந்து, புருஷனே வேண்டாம் என்று சபதம் செய்து, தங்கள் தலையைத் தாங்களே வாரிக்கொள்வார்கள். சீப்புக்காரிகள் என்று அவர்களுக்குப் பெயர். சொந்தச் சம்பாத்தியம், சொந்த வீடு, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வாரிக்கொண்ட பிறகு எவனையாவது தேடிப் போனால், பன்றி கொண்டுபோகும் கூடையில் அடைத்துக் குளத்தில் இறக்கிவிடுவார்கள். அத்தை அப்படி வாரிக்கொண்டவள். எப்போதும் இடுப்பில் ஒரு மரச் சீப்பு இருக்கும்.

அவளைப் பார்த்ததும் மோக் அம்மாள் எழுந்தாள். "நீ எதுக்கு வந்தே?"

"என் அண்ணன் பொண்ணு கல்யாணம். ஆரஞ்சு கொண்டு வந்தேன்."

மோக் அம்மாள் ஆரஞ்சு ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்துவிட்டு அவளை அறைக்குள் விட்டாள். அறைக்குள் பேசியது என் காதில் விழுந்தது. நாயனம் ஊதுவதற்கு என்னைத்தான் அமர்த்தியிருந்தார்கள். ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தேன். நல்ல சீவாளி ஊற நேரமாகும்.

"நீ சொன்னபடி நாடா கட்டி, கூடையைக் கல்யாணப் படகுல பலகைக்கு அடியில வச்சாச்சு" என்றாள் அத்தை. "இத்தனை நாள் எங்க வீட்டுல அதை வச்சுக்கிட்டு நாங்க பட்ட பாடு! விடியக்காலைல கூவித் தொலைக்குது. சீப்புக்காரிங்க வீட்டுல சேவல் சத்தம் கேக்குதுன்னு தெருவே பேசுது."

"பெரிய உதவி, அத்தை."

"உதவி சும்மா இல்ல. கல்யாணம் ஆகாம நீ இன்னிக்குத் திரும்பி வந்தா, நாளைக்குக் காலைல குவான்யின் முன்னாடி உக்காரணும். அப்புறம் உன்னைச் சேவலும் தொட முடியாது, மனுசனும் தொட முடியாது."

"படகுக்காரனும் தொட முடியாதுல்ல, அத்தை?"

"எந்தப் படகுக்காரன்?"

"சும்மா ஒரு பேச்சுக்கு."

"பேச்சுக்கு உனக்குப் படகுக்காரன்தான் கிடைச்சானா? இங்க பாரு. சொன்ன வார்த்தை வார்த்தைதானே?"

"வார்த்தைதான், அத்தை."

எவ்வளவு சுலபமாகச் சொன்னாள் என்பதுதான் எனக்கு உறுத்தியது. அத்தைக்கும் உறுத்தியிருக்க வேண்டும். வெளியே வந்தபோது அவள் கை சீப்பின் மேலேயே இருந்தது.

குவான் அம்மாள் மாப்பிள்ளையோடு வந்து இறங்கினாள். வாய்க்கால் வழியாகத்தான் எங்கள் ஊரில் எல்லாப் போக்குவரத்தும். இருக்கிற படகுகளில் குறைந்த வாடகைக்கு வருகிறவனை அவள் பிடித்திருந்தாள். அவன் ஷிங். ஏன் குறைந்த வாடகைக்கு வருகிறான் என்று அவள் யோசிக்கவில்லை. மாப்பிள்ளை மூடிய மூங்கில் கூடையில், கழுத்தில் நாடாவோடு படகிலேயே அமர்ந்திருந்தார்.

குவான் அம்மாளின் சந்தேகம் வேறு மாதிரி. பட்டாலைப் பெண்கள் ஒருத்திக்கொருத்தி உயிரைக் கொடுப்பவர்கள். முக்காட்டுக்குள் வேறு ஒருத்தியை உட்கார வைத்து அனுப்பிவிட்டால்? அவள் முக்காட்டைத் தூக்கினாள். காதுக்குப் பின்னால் மச்சத்தைத் தேய்த்துப் பார்த்தாள். கொதிநீரில் வெந்து வெளுத்த விரல் நுனிகளைப் பார்த்தாள்.

"பல்லைக் காட்டு."

லான்யிங் காட்டினாள்.

"சிரிக்கச் சொல்லல. காட்டத்தான் சொன்னேன்."

மோக் அம்மாள் மெதுவாகப் பக்கத்தில் வந்தாள். "சம்பந்தி, மாப்பிள்ளைகிட்டேருந்து சேதி ஏதாவது?"

"நல்லா இருக்கான். ரொம்ப நிம்மதியா இருக்கான்."

"எப்ப வர்றாராம்?"

"வரமாட்டேன்னு அவன் சொல்லவே இல்லையே."

மோக் அம்மாள் அந்தப் பதிலை வாயில் போட்டுக் கல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றாள். அதற்குள் நல்ல நேரம் முடியப்போகிறது என்று எல்லாரும் அவசரப்படுத்த, பெண்ணைப் படகில் ஏற்றினார்கள்.

நான் முன்னால் நின்று ஊதினேன். ஷிங் பின்னால் துடுப்புப் போட்டான். பெண் சிவப்புக் குடைக்குக் கீழே உட்கார்ந்தாள். அவள் தண்ணீரில் குதித்துவிடக் கூடாது என்று குவான் அம்மாள் எதிரே உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே வந்தாள். மாப்பிள்ளையின் கூடை குவான் அம்மாளின் முதுகுக்குப் பின்னால், ஷிங்கின் காலடியில்.

அன்றைக்கு எல்லாரும் பெண்ணைத்தான் பார்த்தார்கள். மாப்பிள்ளையை ஒருவரும் பார்க்கவில்லை.

நான் ஊதும்போது கண்ணை மூடிக்கொள்வேன். மல்பெரிக் கரை திரும்பும் இடத்தில் இறக்கை அடிக்கிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது ஷிங் சீட்டியடித்துக்கொண்டிருந்தான். கொட்டுகிற மழையில் துடுப்புப் போடுகிறவன் எதற்குச் சீட்டியடிக்கிறான் என்று கேட்பது நாயனக்காரன் வேலை இல்லை.

மோக் அம்மாள் வீட்டில் உட்கார்ந்து மூச்சு விட்டபோதுதான் நெஞ்சில் ஏதோ குத்தியது. செருப்பு! பெண் வெறுங்காலோடு போய்விட்டாள். பெண்ணின் தாய் பெண்ணுக்குப் பின்னாலேயே மாப்பிள்ளை வீட்டுக்குப் போவது எங்களுக்கு ஆகாது. ஆனால் வெறுங்காலோடு வந்த மருமகள் என்று குவான் அம்மாள் சாகும்வரை சொல்லிக் காட்டுவாளே. கீரைப் படகு ஒன்றை நிறுத்தி, கீரையோடு கீரையாக ஏறிக்கொண்டாள்.

குவான் வீட்டுக் கூடத்தில் சடங்கு தொடங்கியது. குலப் பெரியவர் ஏழாம் தாத்தா நடுவே நாற்காலியில் இருந்தார். அவருக்குப் பார்வை மட்டம், குரல் மட்டும் கோயில் மணி. பங்காளி ஒருவன் மாப்பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றான். மாப்பிள்ளை நல்ல கொண்டையோடு, மழையில் கொஞ்சம் நனைந்து, கம்பீரமாகவே இருந்தார்.

வானத்துக்கும் பூமிக்கும் குனிந்தார்கள். மாப்பிள்ளை தலையைப் பங்காளி அழுத்தினான். முன்னோருக்குக் குனிந்தார்கள். மறுபடி அழுத்தினான். கடைசியாகப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் குனிய வேண்டும். அதோடு கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளையைப் பெண்ணுக்கு எதிரே தரையில் இறக்கிவிட்டான்.

மாப்பிள்ளை குனியவில்லை. உட்கார்ந்தார். கண்ணைப் பாதி மூடினார். கொஞ்ச நேரம் ஆழ்ந்து யோசித்தார். பிறகு எழுந்து நகர்ந்து நின்று கொக்கரித்தார்.

அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு முட்டை இருந்தது.

செங்கல் தரையில் அது உருண்டு போய் ஏழாம் தாத்தாவின் கால் விரலைத் தொட்டு நின்றது.

"என்ன அது?"

"கல்லு" என்றாள் குவான் அம்மாள்.

தாத்தா குனிந்து எடுத்தார். "சூடா இருக்கே."

"வெயில்ல கிடந்த கல்லு."

"மழைல்ல பெய்யுது" என்றேன் நான். குவான் அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில், ஊதிய கூலி எனக்கு வராது என்று தெரிந்துவிட்டது.

"சரி, ஏதோ திருஷ்டி. வேற சேவல் கொண்டாங்க" என்றாள் அவள்.

முக்காட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "தாத்தா, ஒரு சந்தேகம்."

"கல்யாணப் பொண்ணு பேசக் கூடாதும்மா."

"பேசல தாத்தா. கேக்கறேன். சேவல் குனிஞ்சா அவர் குனிஞ்ச மாதிரின்னு சொன்னீங்க."

"ஆமா. அதான் முறை."

"அப்ப சேவல் என்ன செஞ்சாலும் அவர் செஞ்ச மாதிரிதானே?"

"ஆமா..." தாத்தா கையிலிருந்த முட்டையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நான் புருஷன் வேண்டாம்னு சொல்லல, தாத்தா. முட்டை போடாத ஆளா இருந்தாத் தேவலைன்னுதான் சொல்றேன்."

கூடத்தில் யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். குவான் அம்மாள் பெண்ணை நோக்கி விரலை நீட்டினாள். "இது மோக் வீட்டுக் கோழி. கூவுற கோழி ஒண்ணு அங்க இருந்துதுன்னு ஊருக்கே தெரியும். இவதான் மாத்தியிருக்கா."

அந்த நேரத்தில்தான் மோக் அம்மாள் தலையில் கீரையோடும் கையில் செருப்போடும் வாசலில் வந்து நின்றாள்.

ஏழாம் தாத்தா முட்டையை மடியில் வைத்துக்கொண்டு தீர்ப்பு முறையைச் சொன்னார். "இங்க வாம்மா. இந்தக் கோழி உன் வீட்டுதுன்னா, பொண்ணு வீட்டுக்காரங்க செஞ்ச மோசடி. பொண்ணு முட்டி போட்டு மன்னிப்புக் கேட்டுட்டு, வேற சேவலோட இப்பவே சடங்கை முடிக்கணும். உன் வீட்டுது இல்லேன்னா, மாப்பிள்ளையைப் பத்திரமாக் கொண்டு வராதது குவான் வீட்டுத் தப்பு. கல்யாணம் கிடையாது. பார்த்துச் சொல்லு."

மோக் அம்மாள் பார்த்தாள். பார்க்கவே தேவையில்லை. கோழியின் வலது காலில் கதவு நசுக்கிய விரல் பாதிதான் இருந்தது. அந்தக் கோழியே அவளை அடையாளம் கண்டு ஓடி வந்து, பாவாடை ஓரத்தில் ஒட்டியிருந்த கீரையைக் கொத்தியது. மோக் அம்மாள் முகத்தில் முதலில் எழுந்த கேள்வி எல்லாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அப்படியானால் நான் குடித்தது என்ன?

"சொல்லுங்க, சம்பந்தி" என்றாள் குவான் அம்மாள்.

லான்யிங் முக்காட்டை விலக்கவில்லை. சிவப்புப் பாவாடைக்குக் கீழே அவளுடைய வெறும் பாதங்கள் மட்டும் தெரிந்தன. ஈரச் செங்கல்லில் விரல்களை மடக்கி, தரையைப் பற்றிக்கொள்கிற மாதிரி நின்றாள்.

மோக் அம்மாள் பதில் சொல்வதற்குள் அவளுடைய கண் பழக்கப்படி நாலா பக்கமும் மேய்ந்தது. மேலே முன்னோர் பலகைகள். கீழே, மூலையில், ஒரு முக்காலி. முக்காலி மேல் ஒரு கிண்ணம் சோறு. அவள் இரண்டு எட்டு வைத்துக் குனிந்து பார்த்தாள். சோற்றில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை.

எங்களில் உயிரோடு இருப்பவருக்கு யாரும் சாப்பிடும் குச்சிகளைச் சோற்றில் நட்டு வைக்க மாட்டார்கள். செத்தவருக்கு மட்டும்தான் அப்படி. யாரோ அவசரமாகக் குச்சிகளைப் பிடுங்கியிருக்கிறார்கள். துளைகளை மூட மறந்துவிட்டார்கள்.

"சம்பந்தி, இது யாருக்கு வச்ச சோறு?"

"முன்னோருக்கு."

"முன்னோருக்கு மேல வச்சிருக்கீங்களே. கீழ தனியா வைக்கிறது புதுசாப் போனவங்களுக்குல்ல?"

குவான் அம்மாள் முக்காலியை மறைத்து நின்றாள். "பூனைக்கு."

"பூனை குச்சி வச்சா சாப்பிடுது?"

ஏழாம் தாத்தா உத்திரத்தை ஆராய ஆரம்பித்தார். ரொம்ப நிம்மதியாக இருக்கிறான். வரமாட்டேன் என்று சொல்லவே இல்லை. மோக் அம்மாள் அந்த இரண்டு பதில்களையும் இப்போதுதான் மென்று முடித்தாள் என்று நினைக்கிறேன்.

அவள் நிமிர்ந்தாள். கோழி அவள் பாதத்தின் மேலேயே ஏறி நின்றுகொண்டிருந்தது.

"இந்தக் கோழியை நான் பார்த்ததே இல்லை" என்றாள்.

தாத்தா முட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "கல்யாணம் கிடையாது. பொண்ணைக் கூட்டிட்டுப் போம்மா."

"இது முடியல" என்று குவான் அம்மாள் படித்துறை வரைக்கும் வந்து கத்தினாள். "நாளைக்கே வேற சேவலோட வர்றேன். ஊர்ல சேவலா இல்ல?"

திரும்பும்போது ஷிங்கின் படகுதான். மகள் குடைக்குக் கீழே, தாய் எதிரே, கோழி தாயின் மடியில். நான் ஊதவில்லை. பாதி வழியில் பலகைக்கு அடியிலிருந்து கணீரென்று ஒரு கூவல்.

"என்னடா அது?" என்றாள் மோக் அம்மாள்.

"தவளைங்க, அம்மா" என்றான் ஷிங்.

"தவளை கொக்கரக்கோன்னு கத்துமா?"

"மழைக் காலத்துல இந்தப் பக்கம் கத்தும்."

மோக் அம்மாள் பலகையைப் பார்த்தாள். பலகை இடுக்கில் சிவப்பு நாடாவின் நுனி தெரிந்தது. ஷிங்கைப் பார்த்தாள். ஷிங் யாரைப் பார்க்காமல் இருக்கப் பாடுபடுகிறான் என்று பார்த்தாள். அதன் பிறகு மகளைப் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் குடிச்ச குழம்பு?"

"வாத்தும்மா."

"எனக்கு அப்பவே சந்தேகம்."

படித்துறை கண்ணில் பட்டபோது மோக் அம்மாள் செருப்பைத் துடைத்து மகளின் காலடியில் வைத்தாள்.

"போட்டுக்கோ. வெறுங்காலோட எந்தப் பொண்ணும் தூரம் போக முடியாது."

லான்யிங் குனிந்து போட்டுக்கொண்டாள். காலை முழுக்க வராத அழுகை அப்போதுதான் வந்தது. பாட்டு எதுவும் இல்லை.

படித்துறையில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். மழையில் நனைந்தபடி, கையில் சீப்போடு. ஷிங் இறங்கிக் கை கொடுத்தான். லான்யிங் அந்தக் கையைப் பிடித்து ஏறினாள். ஏறிய பிறகும் விடவில்லை. அத்தை முதலில் அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு படகைப் பார்த்தாள். தான் கூடையைக் கொண்டுபோய் வைத்த படகு.

"பேச்சுக்கு ஒரு படகுக்காரன்னியே" என்றாள். "சொன்ன வார்த்தை வார்த்தைதானே?"

"நாளைக்குக் காலைலன்னு சொன்னீங்க, அத்தை" என்றாள் லான்யிங். "இன்னும் விடியலையே."

அத்தை சீப்பை இடுப்பில் செருகவும் இல்லை, நீட்டவும் இல்லை.

"ஊர்ல சேவலா இல்ல?" என்று குவான் அம்மாள் கேட்டதற்கு மட்டும் என்னால் இப்போதே பதில் சொல்ல முடியும். இல்லை. இந்த வருஷம் மூன்றாம் மாதம் வந்த கோழி நோயில் எங்கள் ஊர்ச் சேவல், பெட்டை, குஞ்சு எல்லாம் போய்விட்டன. கல்யாணம் நடந்தது ஐந்தாம் மாதம். அப்போது இந்த ஜில்லாவில், சத்தியத்துக்கு வெட்டக்கூட, உயிரோடு ஒரு கோழி கிடையாது.